காயுடைப்புக் காலத்தில் பெண் பார்த்தார்கள்

1

“உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருந்திருக்கிறதா?”

இந்தக் கேள்வியை ஒரு நர்ஸ் என்னிடம் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் “இல்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில், ஒரு காலத்தில் நூற்பாலைகள் நிறைந்திருந்த ஒரு சிறிய ஊர். கணவருக்குக் கணினி வேலை. 2003-இல் வந்தோம். மகள் மித்ரா இங்கேதான் பிறந்தாள். இப்போது நாலரை வயது. போன அக்டோபரில் அவளுக்குச் சளி பிடித்தது. சளி போன பிறகும் இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறி வந்தால் அவள் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பால் குக்கர் கூவுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த மாதிரி மெல்லிய சத்தம்.

நர்ஸிடம் நீளமான கேள்வித்தாள் இருந்தது. வீட்டில் நாய், பூனை உண்டா, யாராவது புகை பிடிப்பார்களா, தரைவிரிப்பு எத்தனை வருடப் பழசு, குழந்தை எதில் படுக்கிறாள். தலையணை பஞ்சுத் தலையணை என்றேன். என்ன பஞ்சு என்று கேட்டார். இலவம்பஞ்சுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. மரத்தில் காய்க்கும் பஞ்சு என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மித்ரா எனக்காக ஆங்கிலத்தில் விளக்கினாள்: “என் பாட்டி அதை ஒரு கடினமான பழத்துக்குள்ளிருந்து எடுப்பார்.” நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஏன் அவ்வளவு அவசரமாக “இல்லை” என்றோம் என்று தோன்றியது. அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்து, பல முறை சொல்லிப் பழகிய பதில் போல வந்தது.

2

பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று பின்னால் புரியும். கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு போகும் சாலையில் ஏதோ ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு படித்த 1996-இல் எங்கள் ஊரின் தொழில் இலவம்பஞ்சு. மாசிக் கடைசியில் மலையிலிருந்து ஜீப்புகளில் காய் இறங்கத் தொடங்கும். ஆனி வரை இறங்கும். பெண்கள் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து காயை உடைத்துப் பஞ்சை எடுப்பார்கள். பஞ்சை வெயிலில் காயப்போட வேண்டும். காற்றில் பறக்காமலும் இருக்க வேண்டும். அதனால் களத்தைச் சுற்றியும் மேலேயும் வலை கட்டியிருப்பார்கள். ஆண்கள் அந்த வலைக்குள் போய்க் குச்சியால் பஞ்சை அடித்து விதையைப் பிரிப்பார்கள். வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். விதை எண்ணெய் ஆலைக்குப் போகும், ஓடு செங்கல் சூளைக்குப் போகும். எதுவும் வீணாகாது. மிச்சம் இருப்பது எங்கள் மூக்குக்குள் போகும்.

தேனியிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநர் ஒருவர் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். ஊர் எல்லை வந்ததும், “மூக்கப் பொத்திக்கங்க, எங்க மாமியா ஊரு வந்துருச்சு” என்பார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் கேட்டுப் பழகியவர்கள், சிரிப்பதில்லை.

மெத்தை தைக்கும் ராவுத்தர் ஒருவர் இருந்தார். பஞ்சைத் திணிப்பதற்கு முன் யாருக்கு மெத்தை என்று கேட்காமல் ஊசியைத் தொடமாட்டார். “புதுசாக் கட்டிக்கிட்டவுகளுக்கா, பிள்ளத்தாச்சிக்கா, படுக்கைல கெடக்குறவுகளுக்கா?” ஒவ்வொன்றுக்கும் திணிப்பு வேறு. ஒருமுறை பள்ளித் தலைமையாசிரியர் “எனக்குத்தான்” என்றபோது, “அப்ப கெட்டியா அடிக்கிறேன், நீங்க உக்காந்தே தூங்குறவுகல்ல” என்றார்.

அப்பா ஒரு கொட்டகையில் எடை போடுபவர். அதிகம் பேசமாட்டார், இந்தக் குறிப்பிலும் அதிகம் வரமாட்டார். அம்மா அதே கொட்டகையில் காயுடைக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. மூட்டைக்குள் கையை விட்டால் எந்த மலைக் காய், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்வாள். விடுமுறை நாட்களில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுக்க வேண்டும் என்பது கொட்டகை வழக்கம். வெல்லம் கரையும்போது தொண்டையில் நிற்கும் பஞ்சையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. ஒரு வருடம் முதலாளி, வெல்லம் எதற்கு, தண்ணீர் குடித்தால் போதாதா என்று நிறுத்திப் பார்த்தார். மறுநாள் காலை அம்மா பெண்களை உட்காரவிடவில்லை. “வெல்லம் இல்லாம உடைச்சா, அடுத்த வருசம் எங்க நெஞ்சுக்குள்ளயே ராவுத்தரக் கூப்புட்டு மெத்த தைக்கலாம் மொதலாளி” என்றாள். மத்தியானத்துக்குள் வெல்லம் வந்துவிட்டது.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். காயுடைப்புக் காலத்தில் ஊரில் எல்லோரும் இருமுவார்கள். சிலருக்கு மூச்சு இழுக்கும். அதற்குப் பெயர் பஞ்சு இருமல். அது நோயில் சேர்த்தி இல்லை, வேலையில் சேர்த்தி. ஆனால் ஆடி பிறந்து, களம் கூட்டி, வலை சுருட்டிய பிறகும் ஒருவருக்கு மூச்சு இழுத்தால் அதற்குப் பெயர் இளைப்பு. அது நோய், குடும்பத்தில் வருவது. “அது எளப்பு வீடு” என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். கேட்கும் சத்தம் ஒன்றுதான். மாதத்தைப் பார்த்து எங்கள் ஊர் பெயர் வைத்தது.

அதனால் வெளியூர்ச் சம்பந்தக்காரர்களில் விவரமானவர்கள் காயுடைப்பில் பெண் பார்க்க வரமாட்டார்கள். “பஞ்சு முடியட்டும், ஆவணில வாரோம்” என்று சொல்லி அனுப்புவார்கள். விவரம் தெரியாதவர்கள் பங்குனி, சித்திரையில் வருவார்கள். எங்கள் தெருக் கோடி வீட்டுச் செல்வி அக்காவுக்கு மார்கழிப் பனியில் மூச்சு இழுப்பது ஊருக்கே தெரியும். அவளைப் பங்குனியில் பார்த்து, வைகாசியில் கல்யாணம் முடித்து அழைத்துப் போனார்கள். “கூட்டத்தோட கூட்டமா இருமிக் கரையேத்திட்டாக” என்று பெண்கள் காயுடைத்தபடி சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

3

அந்தத் தலையணை 2006-இல் விடுமுறைக்குப் போனபோது அம்மா கொடுத்தது. இயந்திரத்தில் போடாமல் கையாலேயே விதை எடுத்த பஞ்சு. அதற்குள் எங்கள் ஊரில் விதை பிரிக்கும் இயந்திரம் வந்திருந்தது. தூசி குறையும் என்றார்கள்; இன்னும் பொடியாகப் பறந்ததுதான் மிச்சம். இங்கே விமான நிலையத்தில் ஓர் அதிகாரி தலையணையை அமுக்கிப் பார்த்து, செடி, விதை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் அதற்கும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

மித்ரா அந்தத் தலையணைக்கு ‘அம்மாச்சி’ என்று பெயர் வைத்தாள். அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் இரண்டு வயதில் இருபது நாள் பார்த்த முகம் அவளுக்கு நினைவில்லை. அவளிடம் மிச்சம் இருக்கும் தமிழ்ச் சொற்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. “அம்மாச்சி மேல படுக்கணும்” என்பது அவள் முழுதாகச் சொல்லும் ஒரே தமிழ் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

சில வாரங்களுக்குத் தலையணையை எடுத்து வைத்துப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை. இரண்டு உறை போட்டேன். அது தவறு என்று தெரிந்துதான் செய்தேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன்.

“நம்ம வீட்டுல யாருக்காச்சும் எளப்பு இருந்துச்சாம்மா?”

“யாரு கேக்குறா?”

“இங்கன நர்ஸ் ஒருத்தவுக கேட்டாக. மித்ராவுக்கு நெஞ்சுல சத்தம் வருது.”

“அவுகளுக்கு எதுக்கு நம்ம வம்சம்? பொண்ணு கேட்டு வரப்போறாகளா?”

“வைத்தியத்துக்குத்தான் கேக்குறாக.”

“நம்ம வம்சத்துலயே எளப்பு கெடையாது. உங்க மாமியா வீட்டுல கேளு. சின்னமனூர்ல வாழத் தோப்புக்குள்ள எந்நேரமும் ஈரத்துல நிக்கிறவுக அவுகதான்.”

“தலகாணிப் பஞ்சு ஒத்துக்கலையோன்னும் சொல்றாக.”

இதில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

“பஞ்சு யார என்ன செஞ்சிச்சு? முப்பது வருசமா அதுக்குள்ளதான் கெடக்கேன், செத்தா போயிட்டேன்? மொதல்ல அங்கன வீட்டுக்குள்ள ஒட்டி வச்சிருக்காகளே கம்பளம், அதச் சுருட்டிப் போடச் சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். “ஏத்தா, எதையும் எழுதிக் குடுத்துறாத. காயிதத்துல ஏறிட்டா அழிக்க முடியாது. சின்னவளுக்கு எடம் பேசிக்கிட்டு இருக்கம்.”

சின்னவள் என்பது என் தங்கை. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

அம்மா பேசி முடித்துவிட்டு இருமினாள். நீளமான இருமல். கார்த்திகை மாதம், காய் இறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

4

ஜனவரியில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனபோது மித்ரா விளையாட்டு மைதானப் பெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. பேசச் சொன்னேன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. கணவர் அலுவலகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சரியாகி, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, முகமூடியில் வந்த மருந்துப் புகையைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அங்கே ஓர் இளம் டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். இந்த வயதில் மூச்சு இழுக்கும் குழந்தைகளில் பலருக்கு வளர வளரத் தானாகப் போய்விடும். பெற்றோர் வழியில் யாருக்கும் இல்லை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இருந்தது என்றால் பொறுக்காமல் தினமும் எடுக்கும் மருந்தை இப்போதே தொடங்குவது நல்லது.

“எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை” என்றார் கணவர். பிறகு என்னைப் பார்த்தார்.

“எங்கள் பக்கமும் இல்லை” என்றேன்.

இரண்டாவது முறை. இந்த முறை அவர் பக்கத்தில் இருந்தார். நெஞ்சு நோய்க்கான பிரிவில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கத் தேதி தபாலில் வரும் என்றார்கள்.

5

பிப்ரவரியில் மித்ராவின் வகுப்பை ஒரு பழைய நூற்பாலைக்கு அழைத்துப் போனார்கள். இப்போது அது காட்சிக்கூடம். உதவிக்கு ஒரு தாய் வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குவது என் வழக்கம். மூன்று படிவம், இரண்டு அடையாளச் சான்று வாங்கிக்கொண்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுற்றிக் காட்டியவர் எழுபது வயதுப் பெண்மணி. அவருடைய தாய் அதே ஆலையில் வேலை பார்த்தவராம். ஒரு தறியை ஓட்டிக் காட்டினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுவரில் ஒரு புகைப்படம். வரிசையாகப் பெண்கள், தலைமுடியெல்லாம் வெள்ளைத் துகள். எங்கள் கொட்டகைப் பெண்களுக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மரப்பெட்டியில் தொட்டுப் பார்க்கப் பஞ்சு வைத்திருந்தார்கள். மித்ரா கையை விட்டு, “அம்மாச்சி” என்றாள்.

அந்தப் பெண்மணி என்னிடம் தனியாகப் பேசினார். அந்தக் காலத்தில் ஆலைப் பெண்களுக்கு ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகுமாம். வாரம் போகப் போகக் குறையுமாம். “எங்கள் அம்மா சொல்வார், நெஞ்சைச் சோதிக்க ஆலையிலிருந்து அனுப்பும் ஆள் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று.” அதைச் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கு நூல் சுற்றும் விதத்தைக் காட்டப் போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் குழந்தைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அந்த வெள்ளிக்கிழமையை யோசித்துக்கொண்டு வந்தேன். எந்த நாளில் பார்ப்பது என்பதை ஒருவர் முடிவு செய்கிறார். அதிலேயே என்ன தெரியும், என்ன தெரியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. அப்போதுதான் என்னைப் பெண் பார்த்தது எந்த மாதம் என்று எண்ணிப் பார்த்தேன்.

சித்திரை.

2002-இல், காயுடைப்பு உச்சத்தில் இருந்தபோது, சின்னமனூரிலிருந்து கணவரும் அவர் பெற்றோரும் அவருடைய சித்தியும் வந்தார்கள். எங்கள் வீட்டின் கிழக்கு ஜன்னல் களத்தைப் பார்த்தது. காயுடைப்பு முடியும் வரை அதை அடைத்தே வைத்திருப்போம். துணி செருகிக்கூட வைப்போம். அன்று அது திறந்திருந்தது. திறந்துவைத்தவள் அம்மா. காற்றோட்டத்துக்கு என்று நினைத்தேன். வந்தவர்கள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் கணவரின் சித்திக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“என்ன மதினி, காப்பிலயும் பஞ்சா?” என்றார் சித்தி.

“இந்த நாலு மாசம் எங்க ஊருல சாமிக்கே இருமல்தான் மதினி” என்றாள் அம்மா. ஒரு துண்டு வெல்லத்தை அவர் கையில் வைத்தாள். “ஆவணில வந்து பாருங்க, ஊரு கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“அப்ப ஆவணிலயே வரச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஆவணி வரைக்கும் உங்க வீட்டுப் பிள்ள பொறுத்திருப்பாரா, கேளுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் நடுவில் இரண்டு முறை இருமினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று காலை அம்மா எனக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தாள், தலைவலி வராமல் இருக்க என்று.

மாத்திரை என்று நினைத்ததும் குமுளி நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில், கார்த்திகையில், அம்மா என்னைப் பேருந்து மாறிப் பேருந்து மாறிக் குமுளிக்கு அழைத்துப் போனாள். தேனியில் டாக்டர்கள் இருந்தார்கள். கம்பத்தில் இருந்தார்கள். அவ்வளவு தூரம் ஏன் என்று நான் கேட்கவில்லை. மலை ஏறும் பேருந்தில் ஜன்னல் இடம் கிடைத்த சந்தோஷம். மலையாள டாக்டர், “மோளே, ஸ்வாசம் வலிச்சு விடூ” என்று மூச்சை இழுத்து விடச் சொல்லி, முதுகில் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மா என்னை வெளியே உட்காரச் சொன்னாள். திரும்பும்போது நேந்திரங்காய் வறுவல் வாங்கிக் கொடுத்தாள். பேருந்து நிலையத்தில் நின்று, மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டாள். அட்டைகளைக் குமுளிக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டாள்.

“யாரும் கேட்டா சத்து மாத்திரன்னு சொல்லு.”

கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். நானும் அதை நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் பாடப் புத்தகத்தில் நுரையீரல் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள். முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்காமல் இருந்தேன் என்பதுதான் சரியாக இருக்கும். கல்லூரி முடிப்பதற்குள் காயுடைப்பு இல்லாத மாதங்களில் மூச்சு இழுப்பது நின்றுவிட்டது. டப்பாவும் எங்கோ போய்விட்டது.

6

மார்ச் முதல் வாரத்தில் மறுபடி அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காய் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னால் காயுடைக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, என்னைய எதுக்குக் குமுளிக்குக் கூட்டிட்டுப் போன?”

“எந்தக் குமுளி?”

“பத்தாவது படிக்கைல. கார்த்திகைல.”

“சத்தில்லாம கெடந்த. போனம்.”

“தேனில டாக்டர் இல்லையா?”

“இருந்தாக. அவுக வாசல்ல நம்ம ஊர்ச் சனமும் உக்காந்திருந்தாக.”

தொலைபேசி அட்டையில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப, என்னையப் பாக்க வந்தன்னைக்கு அந்தக் கெழக்கு ஜன்னல...”

“என்னத்தா இது, போலீசு விசாரண? நான் அன்னைக்கு வாயத் தெறந்திருந்தா நீ இன்னைக்கு அங்கன இருப்பியா? இல்ல, மித்ராதான் இருப்பாளா?”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

“எனக்கு அது இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லும்மா.”

“இப்ப இருக்கா?”

“இல்ல.”

“அப்ப இல்ல.”

பிறகு, கேட்காமலே சொன்னாள். சின்னவளுக்கு இடம் அமையும் போலிருக்கிறது. மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். கணவரின் அதே சித்தி மகன். சித்திரை பத்துக்கு மேல் பார்க்க வருகிறார்கள். சித்தி ஆவணி என்றுதான் சொன்னாராம். அம்மா, பிள்ளைக்கு வேலை மாற்றல் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பேசிச் சித்திரைக்கு இழுத்திருக்கிறாள்.

தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“அக்கா, வெல்லம் வாங்கி வச்சாச்சு. உங்க சித்தி மாமியாளுக்கு இந்தத் தடவ ரெண்டு துண்டு” என்றாள்.

“வெளையாடாத. உனக்கு எளப்பு இருக்கா?”

“சித்திரைல எல்லாருக்கும்தான் இருக்கும்.”

“ஆவணில?”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது. பங்குனி பிறக்கும் நேரம் என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

“ஏத்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தத் தலகாணியத் தூக்கி வெளிய போட்டுரு. பஞ்சுலதான் இருக்கும். பஞ்சு ஒத்துக்கலன்னே டாக்டருக்கு எழுதிக் குடு. பஞ்சு மேல எழுது. எங்க மேல எழுதாத.”

முப்பது வருடத்தில் அம்மா பஞ்சைக் குறை சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

7

தலையணையை எடுத்துவிட்டேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று மித்ராவிடம் சொன்னேன். தினமும் காலையில், “அம்மாச்சி இன்னும் காயலையா?” என்று பாதி ஆங்கிலத்தில் கேட்கிறாள். இரண்டு வாரம் ஆகிறது. இந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒருமுறை அந்தச் சத்தம் வந்தது. பஞ்சுதான் காரணம் என்றால் அது வந்திருக்கக் கூடாது. ரத்தம்தான் காரணம் என்றால் இன்னும் சில முறை வந்திருக்க வேண்டும். எதையும் நிரூபிக்காமல் சரியாக ஒருமுறை வந்தது.

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் பதினைந்து. கூடவே ஒரு படிவம், முன்கூட்டியே நிரப்பி எடுத்து வரச் சொல்லி. இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. தாய், தாயின் பெற்றோர், தாயின் உடன்பிறந்தோர் என்று தனித்தனிக் கட்டங்கள். படிவங்களை எப்போதும் நான்தான் நிரப்புவேன்; கணவர் ஒருமுறை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

நான் “ஆம்” என்று எழுதினால் அவர் என்னைத் திட்டமாட்டார். அது எனக்குத் தெரியும். ஒருவேளை, இதற்கா இத்தனை நாள் மறைத்தாய் என்று சிரிக்கவும் செய்வார். ஆனால் அவர் வாரம் தவறாமல் தன் அம்மாவிடம் பேசுகிறவர். அவரிடம் மறைக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அப்படிக் கேட்டால் அம்மா எனக்குச் செய்ததை நான் அவரிடம் செய்யச் சொல்கிறேன் என்றாகும். சின்னமனூரில் மாமியாரும் சித்தியும் பக்கத்துப் பக்கத்து வீடு. சித்திரை பத்துக்கு முன்னால் சேதி போய்விடும். தங்கையின் இடம் நின்றுபோகும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் விழும். நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். அந்தப் பெயரோடு அங்கே இருக்கப் போவது அவள்.

“இல்லை” என்று எழுதினால் டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். தினசரி மருந்து தள்ளிப்போகும். ஒருவேளை மித்ராவுக்கு அது தேவைப்படாமலே போகலாம். எனக்குப் போன மாதிரி. இல்லையென்றால் மறுபடி ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவார்கள்.

தாய் என்ற கட்டத்தில் மட்டும் “ஆம்” என்று எழுதி, மற்றக் கட்டங்களை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எனக்கு மட்டும் வந்தது, வேறு யாருக்கும் இல்லை என்று. அதுவும் குமுளியில் மாத்திரையைப் பிதுக்கிய மாதிரியான வேலைதான் என்று உடனே தோன்றியது. படிவம் இப்போது சமையலறை மேசையில், மித்ராவின் வண்ணப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கட்டங்களைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன்.

இதைப் படிப்பவர்களில் பஞ்சு ஊர்க்காரர்கள் இருக்கலாம். என்னைப் போல வெளியே வந்து, பிள்ளை பெற்று, அந்தச் சத்தத்தைப் பிள்ளையிடம் கேட்டவர்கள் இருந்தால், நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். மற்றவர்களும் சொல்லலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் மேல் இரக்கப்பட்டுப் பெண் வீட்டாராக இருந்து யோசனை சொல்ல வேண்டாம். அது எங்களுக்கே தெரியும். ஆவணியில் வருகிறோம் என்று சொல்லி, பிறகு சித்திரைக்குச் சம்மதித்த மாப்பிள்ளை வீட்டாராக இருந்து சொல்லுங்கள். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் எழுதினால் உதவியாக இருக்கும்.